90 நாள் தவணைக்குக் கையெழுத்துப் போட மாட்டோம்: பெரிய நிறுவனங்களின் நிதி, கொள்முதல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிதித்துறை, கொள்முதல் துறைத் தலைவர்களுக்கு,

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் மென்பொருள் எழுதித் தரும், ஏற்கெனவே இருப்பதைச் சரிசெய்து தரும், எதை வாங்கலாம் எதை வாங்க வேண்டாம் என்று ஆலோசனை சொல்லும் ஒரு சிறு நிறுவனத்தை நடத்துகிறேன். இருபத்துச் சொச்சம் பேர் வேலை செய்கிறோம். உங்களில் ஒருவருடைய அலுவலகத்திலிருந்து அண்மையில் எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இனி எல்லா சப்ளையர்களுக்கும் பில் போட்டபின் பணம் தருவதற்கான தவணை 45 நாளிலிருந்து 90 நாளாகிறது, இணைப்பில் உள்ள திருத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும் என்றது அது. அப்புறம், ‘எங்கள் நிறுவனம் குறு, சிறு நிறுவனமாக உத்யம் என்ற அரசுத் தளத்தில் பதிவு பெறவில்லை’ என்று லெட்டர்ஹெட்டில் ஓர் உறுதிமொழி தரவும், பதிவு இருந்தால் அதை ரத்து செய்துவிட்டுத் தரவும் என்றது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டும் வராவிட்டால் அடுத்த பி.ஓ. (கொள்முதல் ஆணை) வெளியாகாது.

அந்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் தப்பித்துக்கொள்ள இது ஒருவருடைய பழக்கம் இல்லை. சொற்கள் கொஞ்சம் மாறி இதே கடிதம் எங்கள் ஊரில் வார்ப்படம் செய்பவருக்கும் அட்டைப்பெட்டி செய்பவருக்கும் வந்திருக்கிறது. அவர்களும் என்னைப் போலவே வெள்ளிக்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தவர்கள்தான். நான் மென்பொருள் தொழிலிலிருந்து பேசுகிறேன், அங்கே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மென்பொருள் ஆலோசனை என்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முதலீடே இல்லாத தொழில் மாதிரித் தெரியும். எந்திரம் இல்லை, சரக்கு இல்லை, கிடங்கு இல்லை. ஆனால் எங்கள் முதலீடு மாதாமாதம் கையைவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. அது சம்பளம். நாங்கள் 100 ரூபாய்க்கு பில் போட்டால் அதில் 70 ரூபாய்க்குக் குறையாமல் அந்த வேலையைச் செய்தவர்களின் சம்பளத்துக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ.க்கும் போய்விடும். வாடகை, சர்வர், லேப்டாப், ஆடிட்டர் எல்லாம் மீதியில்தான். நல்ல வருடமாக இருந்தால் 10 ரூபாய் நிற்கும். ஃபவுண்டரி வைத்திருப்பவர் ஆர்டர் நின்றால் இரும்பு வாங்குவதைத் தள்ளிப்போடலாம், கிடங்கில் இருக்கும் சரக்கைக் காட்டி வங்கியில் கடன் கேட்கலாம். எங்களால் ஜூன் மாதச் சம்பளத்தைத் தள்ளிப்போட முடியாது. அடகு வைக்கச் சரக்கும் இல்லை, வீட்டுப் பத்திரம்தான் இருக்கிறது. கடனாளிகள் பட்டியலைக் காட்டி ஓவர்டிராஃப்ட் வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கிறோம். எங்கள் வங்கி 90 நாளைத் தாண்டிய பில்லை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதாவது, பணம் வர எவ்வளவு தாமதமாகிறதோ அந்த அளவுக்கு எங்களுக்குக் கிடைக்கும் கடனும் சுருங்குகிறது.

இத்தனை வருடம் நிறுவனம் நடத்தியதில் நான் கற்ற பெரிய பாடம் இதுதான்: கணக்குப் புத்தகத்தில் லாபம் இருப்பது வேறு, 30-ஆம் தேதி கணக்கில் பணம் இருப்பது வேறு. லாபம் காட்டிய மாதங்களிலேயே சம்பளம் போடத் திணறியிருக்கிறோம். என் கண்ணெதிரே மூடிய சக நிறுவனங்களில் சிலவற்றுக்கு வேலை நிறையவே இருந்தது. திறமையான ஆட்களும் இருந்தார்கள். வர வேண்டிய பணம்தான் வரவில்லை.

உங்கள் 90 நாளைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு வாடிக்கையாளருக்கு மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு வேலை செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாத வேலைக்கு ஜூன் 30-இல் பில் போடுகிறோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 11.80 லட்சம். 90 நாள் தவணை என்றால் செப்டம்பர் 28-இல் பணம் வரும். அதற்குள் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதச் சம்பளமும் போயாகிவிட்டது, செப்டம்பர் சம்பளம் வாசலில் நிற்கிறது. எந்த நாளில் எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய 35 லட்சம் ரூபாய் உங்களிடம் நிற்கும். வங்கியில் 12 சதவீத வட்டிக்கு வாங்கி அதை ஈடுகட்டினால் வருடத்துக்கு 4 லட்சத்துக்கு மேல் வட்டி மட்டும். வருடம் முழுக்க உங்களுக்கு உழைத்து நாங்கள் காணும் லாபம் 12 லட்சம். அதில் மூன்றில் ஒரு பங்கு, உங்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்த செலவாகவே போய்விடுகிறது.

இதில் ஜி.எஸ்.டி. சங்கதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் பணம் தந்தாலும் தராவிட்டாலும், ஜூன் 30 பில்லுக்கான 1.80 லட்சத்தை நாங்கள் ஜூலை 20-க்குள் கட்டியாக வேண்டும். ஜூலை 11-க்குள் எங்கள் ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு தாக்கலாகிறது, 14-ஆம் தேதி உங்கள் 2பி-யில் (சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து உங்களுக்கு வரும் பட்டியல்) அந்த பில் ஏறுகிறது, 20-ஆம் தேதி தாக்கலில் அதே 1.80 லட்சத்தை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து உங்கள் வரியில் கழித்துக்கொள்கிறீர்கள். சட்டப்படி அது உங்கள் உரிமை, 180 நாளுக்குள் எங்களுக்குப் பணம் தந்துவிட்டால் போதும். ஆனால் நடப்பதைப் பாருங்கள். எங்கள் ஓவர்டிராஃப்டிலிருந்து எடுத்துக் கட்டிய வரியின் பலனை உங்கள் நிறுவனம் அதே தேதியில் அனுபவிக்கிறது. எங்களுக்கு ஒரு ரூபாய்கூட வருவதற்கு இரண்டு மாதத்துக்கும் மேல் முன்னால். அது போதாதென்று உங்களில் பலர் ‘2பி-யில் தெரிந்த பிறகுதான் பில்லையே எடுத்துக்கொள்வோம்’ என்று வேறு சொல்கிறீர்கள்.

சம்பளத்தில் பிடித்த டி.டி.எஸ்.ஸுக்கு 7-ஆம் தேதி, பி.எஃப்.க்கும் இ.எஸ்.ஐ.க்கும் 15, ஜி.எஸ்.டி.க்கு 20. எங்கள் காலண்டரில் இந்தத் தேதிகளுக்கு அசைவே கிடையாது, ஒரு நாள் பிந்தினாலும் வட்டி. அசைகிற தேதி நீங்கள் எங்களுக்குத் தரும் தேதி ஒன்றுதான்.

சரி, 90 நாள் என்பதாவது உண்மையில் 90 நாளா? எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் எங்கள் தொழிலின் பெரிய வேதனை இருக்கிறது. வார்ப்படம் லாரியில் வந்து கேட்டில் இறங்கினால் இறங்கிய தேதிக்கு ஒரு சீல் உண்டு. மென்பொருளுக்கு அப்படி ஒரு கேட் இல்லை. ‘யூ.ஏ.டி. (வாடிக்கையாளர் ஓட்டிப் பார்த்து ஏற்கும் சோதனை) இன்னும் முடியவில்லை’ என்ற ஒரு வரியில் அதை எத்தனை மாதம் வேண்டுமானாலும் இழுக்கலாம்.

ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஆலைக்கு டெஸ்பாட்ச் மென்பொருள் எழுதித் தந்தோம். லாரி எடைமேடையில் ஏறியதும் எடை தானாகக் கணினிக்கு வரும், ஆர்டரோடு ஒத்துப் பார்க்கும், டெலிவரி சலானும் இ-வே பில்லும் அச்சாகும். முன்பு கையால் எழுதியபோது சாயங்கால நேரத்தில் கேட்டுக்கு வெளியே சாலை வரைக்கும் லாரி நிற்கும். மென்பொருள் வந்த பிறகு அந்த வரிசை இல்லை. மார்ச் மாதத்திலிருந்து அந்த ஆலையை விட்டு வெளியேறிய ஒவ்வொரு லாரியும் அதில் அச்சான சலானோடுதான் போனது. இரவு ஷிஃப்டில் பிரிண்டர் நின்றுபோனால் கேட்டில் இருக்கும் பெரியவர் எங்கள் பையனின் கைபேசிக்குத்தான் கூப்பிடுவார், அவனும் தூக்கத்திலிருந்து எழுந்து சரிசெய்து தருவான். அதே மாதங்களில், அதே நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து எங்களுக்கு வந்த மின்னஞ்சல்கள் என் முன்னால் இருக்கின்றன. மாதாந்திர அறிக்கையில் வண்டி எண் மூன்றாவது பத்தியில் வருகிறது, இரண்டாவதில் வர வேண்டும், எனவே ஏற்புச் சான்று தர இயலாது என்கிறது ஒன்று. அதை அன்றே மாற்றிக் கொடுத்தோம். மாற்றியதைப் பார்க்க வேண்டியவர் விடுப்பில் இருக்கிறார் என்கிறது அடுத்தது. அவர் திரும்பி வந்ததும் புதிதாக ஓர் அறிக்கை வேண்டும் என்றார். ஒப்பந்தத்தில் அது இல்லை. இருந்தாலும் செய்தோம். ஜூலையில்தான் ஏற்புக் கையெழுத்து வந்தது. கையெழுத்து வந்தால்தான் பில் போட முடியும், பில் போட்ட நாளிலிருந்துதான் தவணை. அந்த நான்கு மாதமும் உங்கள் 45-இலும் வராது, 90-இலும் வராது.

அப்புறம் பில்லின் பயணம். பி.ஓ.வில் வரிசை எண் 10, 20 என்று இருக்கும். 20-க்கு எதிராகப் போட வேண்டிய தொகையை உங்கள் ஆளே 10-க்கு எதிராகப் பதிந்திருப்பார். போர்ட்டல் பில்லை நிராகரிக்கும். ஏன் என்று சொல்லாது, ‘பொருந்தவில்லை’ என்று மட்டும் காட்டும். ஆலையில் கேட்டால் கொள்முதலைக் கேள் என்பார்கள், கொள்முதலில் கேட்டால் அக்கவுன்ட்ஸைக் கேள் என்பார்கள். அக்கவுன்ட்ஸ் வேலை வேறு ஊரில் வேறொரு நிறுவனத்திடம் இருக்கும், அங்கே டிக்கெட் போட வேண்டும். கடைசியில் தவறு சரியாகிப் புதிதாக பில் ஏற்றினால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். தவணை முடிகிற நாள் மொத்தமாகப் பணம் அனுப்பும் பேமென்ட் ரன் தேதிக்கு மறுநாளாக இருந்தால் அடுத்த ரன் வரை காத்திருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் பாதி நேரம் இந்த வேலையை மட்டும்தான் பார்க்கிறார். கணக்குப் படித்தவர், பொறுமைசாலி. அவருடைய சம்பளமும் உங்களுக்கு நாங்கள் தரும் விலையில்தான் ஏறுகிறது.

உங்கள் நிறுவனங்களில் பணம் இல்லாமல் இது நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வெளிநாட்டு மென்பொருளின் உரிமக் கட்டணத்தை வருட ஆரம்பத்திலேயே முழுதாகக் கட்டுகிறீர்கள். கிளவுட் சர்வர் பில் கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் போகிறது. அவர்களிடம் ‘90 நாள் பொறு’ என்று யாரும் கேட்பதில்லை. கட்டாவிட்டால் சேவை நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த சர்வரில் ஓடும் மென்பொருளை எழுதியவர்கள், கூப்பிட்ட நேரத்தில் வருபவர்கள் என்பதாலேயே, வரிசையின் கடைசியில் நிற்கிறோம். பணம் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆலையின் மென்பொருளை நாங்கள் ஒருநாளும் நிறுத்தியதில்லை. நிறுத்தவும் மாட்டோம். அந்த நாணயத்தைப் பலவீனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நிதித்துறையின் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். எங்கள் வாடிக்கையாளர்களே எங்களுக்கு 120 நாளில்தான் தருகிறார்கள், நடைமுறை மூலதனத்தைக் குறைக்கச் சொல்லி மேலிடத்தில் அழுத்தம் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் நீங்கள் வங்கியில் வாங்கும் கடனுக்கு வட்டி என்ன, நாங்கள் வாங்கும் கடனுக்கு வட்டி என்ன? உங்கள் தரமதிப்பீட்டுக்கு வங்கிகள் போட்டி போட்டுக்கொண்டு குறைந்த வட்டிக்குத் தரும். அந்தச் சுமையை, அதிக வட்டி கட்டுகிற எங்கள் தலைக்கு மாற்றினால் மொத்தச் செலவு கூடத்தானே செய்யும்? அது கடைசியில் உங்களிடமே திரும்பி வருகிறது. தாமதமாகத் தருபவர் என்று தெரிந்த நிறுவனத்துக்கு விலை சொல்லும்போது நாங்கள் எல்லோரும் அதற்கென்று ஒரு தொகையை ஏற்றித்தான் சொல்கிறோம். கொள்முதல் துறையினர் மேசையில் உட்கார்ந்து 5 சதவீதம் குறைத்துவிட்டோம் என்று மகிழ்வது ஏற்கெனவே ஏற்றிய விலையிலிருந்துதான்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உங்களுக்கு இருக்கிறது, அது எந்தக் கணக்கிலும் ஏறாது. எங்கள் ஆட்களுக்கு 5-ஆம் தேதி வீட்டுக் கடன் தவணை இருக்கிறது. சம்பளம் ஒரு மாதம் பிந்தினால் பொறுத்துக்கொள்வார்கள், இன்னொரு மாதமும் பிந்தினால் பெங்களூருக்கு விண்ணப்பம் போய்விடும். குறை சொல்ல முடியாது. அப்படிப் போகிறவர் உங்கள் ஆலையின் எடைமேடை எந்த போர்ட்டில் பேசும், மழைக்காலத்தில் எந்த சென்சார் பொய் சொல்லும், உங்கள் ஸ்டோர்ஸ் ஆட்கள் எந்தப் பொருளை எந்தப் பழைய பெயரில் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் தெரிந்தவர். ஆவணத்தில் எவ்வளவு எழுதி வைத்தாலும் அதில் பாதி அவரோடு போய்விடும். புதிதாக வருபவருக்கு அது பிடிபட மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் உங்கள் கேட்டில் லாரி நிற்கும்.

இனி சட்டம். இதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்கள் சட்டத்துறைக்கு மனப்பாடமாகவே தெரியும். ஆனாலும் அந்த மின்னஞ்சல் இதை மறந்ததுபோல் எழுதப்பட்டிருப்பதால் சொல்கிறேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, குறு, சிறு நிறுவனங்களுக்கான தவணையை எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் அது எந்தச் சூழலிலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். சேவை தந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், தந்த நாளையே ஏற்ற நாளாகக் கொள்ள வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. தாண்டினால் 16-ஆவது பிரிவின்படி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வேறு எந்தச் சட்டம் எதைச் சொன்னாலும் இந்தப் பிரிவுகளே மேலோங்கும் என்று 24-ஆவது பிரிவு சொல்கிறது. ஆக, 90 நாள் என்று எங்களிடம் நீங்கள் வாங்கும் கையெழுத்துக்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை. அது எங்களைப் பயமுறுத்தி வாயை மூட வைக்க மட்டும்தான் பயன்படும்.

உத்யம் பதிவை ரத்து செய் என்று கேட்பது இன்னும் மோசம். 2023 நிதிச் சட்டம் 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் (எச்) என்ற உட்பிரிவைச் சேர்த்தது, 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குச் சட்டக் கெடுவுக்குள் தராத தொகையை, பணத்தை உண்மையில் தந்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். உங்கள் வரி கூடாமல் இருக்க நேரான வழி ஒன்று உண்டு, நேரத்துக்குப் பணம் தருவது. அதை விட்டுவிட்டு, எங்களைச் சிறு நிறுவனம் இல்லை என்று எழுதித் தரச் சொல்கிறீர்கள். இன்னொன்றும் எனக்குப் புரிகிறது. உங்கள் ஆண்டறிக்கையில் சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பாக்கியை எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு நிறுவனங்கள்) என்று ஒரு வரியிலும் மற்றவர்கள் என்று இன்னொரு வரியிலும், எவ்வளவு காலமாக நிற்கிறது என்பதோடு காட்ட வேண்டும். 45 நாளைத் தாண்டிய பாக்கியைக் காரணத்தோடு அரையாண்டுக்கு ஒருமுறை எம்.எஸ்.எம்.இ-1 படிவத்தில் நிறுவனப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நாங்கள் அந்த உறுதிமொழியில் கையெழுத்திட்டால், ஒரு ரூபாய்கூடக் கைமாறாமலேயே எங்கள் பாக்கி முதல் வரியிலிருந்து இரண்டாவது வரிக்கு நகர்ந்துவிடும். பங்குதாரர்களின் கண்ணிலும் அரசின் கண்ணிலும் படாமல் போகும்.

எங்களுக்கு அந்தப் பதிவு என்ன என்பதையும் யோசியுங்கள். சிறு நிறுவனமாகப் பிணையில்லாமல் கடன் கேட்க வேண்டுமானாலும் ட்ரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பில்லை வங்கியிடம் கழிவுக்கு விற்று முன்கூட்டியே பணமாக்க வேண்டுமானாலும் அந்தப் பதிவு வேண்டும். பணம் வராவிட்டால் முறையிடும் கதவும் அதுவே. அதை ரத்து செய்யச் சொல்வது, கடனும் கேட்காதே, புகாரும் கொடுக்காதே என்று சொல்வதுதான்.

ஏன் இதுவரை புகார் கொடுக்கவில்லை என்று கேட்கலாம். பணம் தாமதமானால் புகார் கொடுக்க அரசின் சமாதான் தளம் 2017-இலேயே வந்துவிட்டது. சென்னை, திருச்சி, மதுரை போலவே எங்கள் கோவையிலும் இந்தப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றம் இருக்கிறது. 90 நாளில் தீர்ப்பு என்கிறது சட்டம். தீர்ப்பை எதிர்க்க விரும்பும் நிறுவனம் முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. காகிதத்தில் எல்லாம் பலமாகவே இருக்கிறது. ஆனால் புகார் பதிவான மறுநாள் அந்த வாடிக்கையாளர் போய்விடுவார். எங்கள் தொழிலில் அடுத்த வேலை முந்தைய வேலையின் சிபாரிசில்தான் வருகிறது. ‘அவர்கள் கேஸ் போடுகிற ஆட்கள்’ என்ற பேச்சு ஒரு தொழில்பேட்டையைச் சுற்றிவர ஒரு தேநீர் இடைவேளை போதும். நாங்கள் மௌனமாக இருந்ததற்குக் காரணம் இந்தப் பயம்தான், சம்மதம் இல்லை.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

90 நாள் தவணை கேட்டு அனுப்பிய கடிதங்களைக் குறு, சிறு சப்ளையர்கள் எல்லோருக்கும் எழுத்து மூலமாகவே திரும்பப் பெறுங்கள். ‘உங்களுக்கு மட்டும் விதிவிலக்கு’ என்று தொலைபேசியில் என்னிடம் சொன்னால் நான் ஏற்கப் போவதில்லை. உத்யம் பதிவு இல்லை என்ற உறுதிமொழியை இனி யாரிடமும் கேட்காதீர்கள். ஏற்கெனவே பயந்துபோய்க் கையெழுத்திட்டுக் கொடுத்தவர்களின் தாள்களைச் செல்லாது என்று அறிவியுங்கள். பதிவை ரத்து செய்தவர்கள் மறுபடி பதிந்துகொள்ளட்டும், அதற்காக அவர்களின் பி.ஓ.வைத் தொட மாட்டோம் என்று சொல்லுங்கள்.

மென்பொருள் வேலைக்கு ஏற்பு நாளை ஒப்பந்தத்திலேயே எழுதுவோம். ஒப்படைத்த 15 நாளுக்குள் குறைகள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகத் தாருங்கள், அதில் உள்ளதைச் செய்து தர நாங்கள் கடமைப்பட்டவர்கள். பட்டியல் வராவிட்டால் ஏற்றதாகக் கொள்வோம். ஆலையில் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், பட்டியல் நிலுவையில் இருந்தாலும் பயன்படுத்தத் தொடங்கிய பகுதிக்கான பணம் வந்தாக வேண்டும். பட்டியலுக்கு வெளியே புதிதாக எது கேட்டாலும் அதற்குத் தனி பி.ஓ.

பில்லில் பிழை இருந்தால் ஐந்து வேலை நாளுக்குள் எல்லாப் பிழைகளையும் ஒருசேரச் சொல்லுங்கள். பிழை உங்கள் பதிவில் இருந்தால் கடிகாரத்தைத் திருப்பி வைக்காதீர்கள். ஒவ்வொரு பெரிய நிறுவனத்திலும் சிறு சப்ளையர்களின் பில்லுக்கென்று பெயரும் நேரடி எண்ணும் உள்ள ஓர் ஆள் இருக்கட்டும், டிக்கெட் எண் போதாது. வேறெதுவும் முடியாவிட்டாலும், பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. தொகையை மட்டுமாவது நாங்கள் வரி கட்டும் 20-ஆம் தேதிக்கு முன்னால் தந்துவிடுங்கள். அந்த வரவை எடுத்துக்கொள்வது நீங்கள்தானே.

ட்ரெட்ஸில் பதிவு செய்வது 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு 2018-லேயே கட்டாயமானது. 2024 நவம்பரில் அந்த வரம்பு 250 கோடியாக இறங்கியது. உங்களில் பெரும்பாலோர் பதிந்திருப்பீர்கள். பதிந்தால் மட்டும் போதாது, நாங்கள் ஏற்றும் பில்லுக்கு அங்கே ஒப்புதல் கொடுங்கள். ஒப்புதல் வந்தால் உங்கள் தரமதிப்பீட்டை வைத்தே வங்கி எங்களுக்குக் குறைந்த வட்டியில் பணம் தந்துவிடும், நீங்கள் கெடு நாளில் வங்கிக்குக் கட்டினால் போதும். நாங்கள் ஏற்றிய பில்கள் உங்கள் பக்கத்து ஒப்புதலுக்காகக் காத்துக் காத்துக் காலாவதியாகின்றன.

எங்கள் நிறுவனத்தைப் பொறுத்தவரை, அந்தத் திருத்த ஒப்பந்தத்திலும் உறுதிமொழியிலும் நாங்கள் கையெழுத்திடவில்லை, இடவும் மாட்டோம். உத்யம் பதிவு அப்படியே இருக்கும். எல்லா பில்லிலும் உத்யம் எண்ணையும், 45-ஆவது நாள் எந்தத் தேதியில் வருகிறது என்பதையும் இனி அச்சிட்டே அனுப்புவோம். இந்த மடலுக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், 45 நாளைத் தாண்டி நிற்கும் எங்கள் பில்கள் அனைத்தையும் 16-ஆவது பிரிவின் வட்டியோடு கோவை வசதியாக்கல் மன்றத்தில் தாக்கல் செய்வோம். ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் மென்பொருளுக்கான பராமரிப்பு அதுவரையிலும் அதற்குப் பிறகும் வழக்கம்போல நடக்கும்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரில் ஒரு சிறு மென்பொருள் ஆலோசனை நிறுவனத்தை நடத்துபவர்